ஓரத்தில் நின்ற முகம்

"ஏங்க... கொஞ்சம் நில்லுங்க. இன்னாத்துக்கு என்னை போட்டோ எடுத்தீங்க?"

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் மழை அப்போதுதான் தூறலாகக் குறைந்திருந்தது. நடைமேடையில் முழங்காலிட்டு, ஈரத் தண்டவாளத்தையும் அதன் மேல் கவிந்திருந்த மேகத்தையும் படமெடுத்துக்கொண்டிருந்த பிரின்சி திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

நீலச் சட்டை. தோளில் சாப்பாட்டுப் பை. நனைந்து நெற்றியில் ஒட்டிய முடி. அந்தக் கண்கள்... கோபப்படும்போதும் அடியில் எங்கோ சிரிப்பை ஒளித்து வைத்திருக்கிற கண்கள்!

'பார்க்காதே' என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். பார்த்தாள்.

"உங்களை யாருங்க எடுத்தா? நான் தண்டவாளத்த எடுத்தேன். நீங்க அந்தாண்ட தூண்கிட்ட இல்ல நின்னீங்க?"

"எங்க, காட்டுங்க."

கேமராவின் திரையைத் திருப்பினாள். படத்தின் இடது ஓரத்தில் அவன் இருந்தான். தலை ஒரு பக்கமாக இழுபட்டு, கை முழங்காலைத் தாண்டி நீண்டு...

"இது யாரு, தண்டவாளமா?"

பிரின்சி நாக்கைக் கடித்துக்கொண்டாள். "புது லென்ஸுங்க. அல்ட்ரா வைடு. பக்கத்துல நிக்கிறவங்கல்லாம் தானா உள்ள வந்துர்றாங்க. நானே இன்னும் பழகிக்கினுதான் இருக்கேன்."

"பழகுறதுக்கு என் தலதான் கெடச்சுதா? பூசணிக்கா கணக்கா இழுத்து வச்சிருக்கீங்களே!"

அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. அவனுக்கும்தான்.

பெயர் பென்னி. தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். அவன் அம்மா ரோசம்மாளும் அங்கேயேதான், பேக்கிங் பிரிவில். வருகிற சனிக்கிழமை அம்மாவுக்கு வேலையில் கடைசி நாள். எல்லோரும் சேர்ந்து ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டுமாம்.

"எடம் ரொம்ப குறுகலுங்க. போன தபா வந்த போட்டோக்காரரு பாதி பேர வெளிய நிக்க வச்சிட்டாரு."

"இந்த லென்ஸுல எல்லாரும் வருவாங்க" என்றாள் பிரின்சி. "ஒருத்தர் கூட வெளிய நிக்க வேணாம்."

ஸ்டுடியோவில் வேலை செய்து, சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கிய லென்ஸ் அது. 'போட்டோ புடிச்சு இன்னா ஆவப் போவுது' என்கிற அப்பாவிடம் காட்ட, உருப்படியாக ஒரு படம் வேண்டும் அவளுக்கு.

சனிக்கிழமை வந்தது. பேக்கிங் பிரிவில் சுவருக்கும் இயந்திரத்துக்கும் நடுவே பெண்கள் நெருக்கியடித்து நின்றார்கள். பிரின்சி முதுகைச் சுவரில் அழுத்திக்கொண்டு கேமராவை உயர்த்தினாள். அத்தனை பேரும் உள்ளே! ரோசம்மாளை யாரோ நடுவில் இழுத்து நிறுத்த, அந்த அம்மா வெட்கத்தோடு நழுவி ஓரத்துக்குப் போய்விட்டாள். பிரின்சி அதைக் கவனித்திருக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து வாசலில் பென்னி கைகட்டிக்கொண்டு சிரித்தான்... அவள் பார்வை அங்கே போய்விட்டது. விரல் மட்டும் அழுத்தியது.

பெரிதாக்கிச் சட்டம் போட்ட படம் ஆரம்பாக்கத்தில் அவர்கள் வீட்டுக்குப் போன அன்று மாலையே போன் வந்தது.

"இன்னாங்க இது? எங்கம்மா மூஞ்சி இப்பிடி இழுத்துக்கினு கெடக்குது..." பென்னிதான். "என் மூஞ்சின்னா பரவால்லங்க, சிரிச்சிட்டுப் போலாம். அம்மா ஒரு தபாதான் பாத்தாங்க. படத்த துணியில சுத்தி பீரோ மேல வச்சிட்டாங்க."

அவளுக்குச் சுருக்கென்றது. வாய் வேறு எதையோ சொன்னது. "ஓரத்துல நின்னா அப்பிடித்தான் வரும். நடுவுல நிக்கச் சொல்லியிருக்கலாம்ல நீங்க?"



"எங்கம்மா எப்பவும் ஓரமாதாங்க நிப்பாங்க. படம் எடுக்குற உங்களுக்கு அது தெரிய வேணாமா?"

போன் அடங்கியது.

அழுதாள். முகம் கழுவினாள். பிறகு மொட்டைமாடிக்கு பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தூக்கிப் போய், ஆட்கள் நிற்பதுபோல வரிசையாகப் போட்டுப் படமெடுத்தாள். 'விட மாட்டேன்...'

தினமும் வேலை முடிந்து வந்ததும் அதே வேலை. கேமரா சற்றே சாய்ந்தால் சுவரெல்லாம் சரிகிறது. மட்டமாகப் பிடித்தால் நேராக நிற்கிறது. ஓரத்தில் இருப்பது இழுபடுகிறது. கிட்டே இருப்பது பெரிதாகிறது. அப்படியானால் யார் பெரிதாகத் தெரிய வேண்டுமோ அவரைக் கிட்டே அழைக்க வேண்டும். லென்ஸ் மீது தப்பில்லை... அவள்தான் அழைக்கவில்லை.

மறுபடி எடுக்கலாம் என்றால், ரோசம்மாள் இனி கம்பெனிக்குள் போக முடியாது. ஆனால் கம்பெனி பஸ்? அதே பெண்கள்தானே தினமும் காலையில் ஆரம்பாக்கம் வழியாகப் போகிறார்கள்! டிரைவர் தணிகைவேலிடம் பேசினாள். அவர் கம்பெனியில் கேட்டுச் சரி என்றார்.

கொட்டும் மழையில் தனியாக அந்த வீட்டுக் கதவைத் தட்டினாள். பென்னிதான் திறந்தான்.

"உங்களப் பாக்க வரல. ஆன்ட்டியப் பாக்கணும்."

அவன் வழிவிட்டான். ஒரு துண்டை எடுத்து நீட்டினான்.

"ஆன்ட்டி, தப்பு என்னுது. நான் போன்ல பேசுனது அத விடப் பெரிய தப்பு. இன்னொரு தபா எடுக்க விடுங்க."

"வேணாம் கண்ணு. எனக்கு இந்த போட்டோல்லாம் ஒத்துவராது."

"நாளைக்குக் காலைல பஸ்ஸு வரும்போது ஏறுங்க, அது போதும். உங்க செட்டு மொத்தமும் உங்கள கேட்டுக்கினே இருக்குது."

ரோசம்மாள் மகனைப் பார்த்தாள். மகன் பிரின்சியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் பஸ் கதவு திறந்ததும், "ரோசக்கா!" என்று ஒரே கூச்சல். ரோசம்மாள் தலையைக் குனிந்துகொண்டு பின் சீட்டின் மூலைக்கு நடந்தாள். முன்பே ஏறிக் காத்திருந்த பிரின்சி அவள் கையைப் பிடித்தாள்.

"அங்க இல்ல ஆன்ட்டி. இங்க... எங்கிட்ட வாங்க."

முன்கண்ணாடியில் முதுகு ஒட்ட நின்றாள் பிரின்சி. எதிரே, கைக்கெட்டும் தூரத்தில் ரோசம்மாள். பின்னால் இருபுறச் சீட்டுகளிலிருந்தும் பெண்கள் நடுவழியை நோக்கிச் சாய்ந்தார்கள். ஓரமெல்லாம் மழை வழியும் ஜன்னல்கள் மட்டுமே.

"யக்கா, கல்யாணப் பொண்ணு கணக்கா நிக்கிறியே!" என்றது ஒரு குரல்.

ரோசம்மாள் சிரித்துவிட்டாள். இந்த முறை பிரின்சியின் கண் எங்கும் போகவில்லை; விரல் அழுத்தியது.

கேமராவின் திரையில் தன் படத்தை அந்த அம்மா வெகுநேரம் பார்த்தாள். "இது நானா...?" கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதே பஸ்ஸில் வேலைக்குக் கிளம்பியிருந்த மகனிடம் திரும்பினாள். "நைனா, இத வாசலுக்கு நேரா மாட்டணும்டா."

தேர்வாய் கண்டிகை கேட்டில் எல்லோரும் இறங்கினார்கள். அம்மா மட்டும் திரும்பிப் போக பஸ்ஸிலேயே இருந்தாள். பென்னி குடையோடு பிரின்சியின் எதிரில் வந்து நின்றான்.

"மன்னிச்சிருங்க. அன்னைக்குக் கத்திட்டேன்."

"நீங்க கத்துனதாலதான் நான் கத்துக்கினேன்."

வேலை தொடங்கும் கம்பெனிச் சங்கு ஊதியது. அவன் நகரவில்லை. பிரின்சி கேமராவை மார்போடு அணைத்துக்கொண்டாள். இப்போது சொல்லாவிட்டால் எப்போது?

"பென்னி... அன்னைக்கு ஓரத்த பாக்காம விட்டதுக்குக் காரணம் லென்ஸு இல்ல. நான் உங்களப் பாத்துக்கினு இருந்தேன். எனக்கு உங்கள ரொம்பப் புடிச்சிருக்கு."

அவன் காது மடல்கள் சிவந்தன. "நான் பொம்பளைங்க குரூப்பு போட்டோவுக்கு எதுக்கு வாசல்ல வந்து நின்னேன்னு நெனைக்கிறீங்க? உங்களப் பாக்கத்தான்..." குரல் தணிந்தது. "அம்மாவ கூட்டிக்கினு உங்க ஊட்டுக்கு வரட்டுமா?"

"வாங்க. எங்கப்பா கொஞ்சம் பேஜாரு பண்ணுவாரு. நான் பேசிக்கிறேன்."

பஸ் ஜன்னல் சட்டென்று திறந்தது. ரோசம்மாளின் தலை வெளியே வந்தது.

"டேய் நைனா! பேசுறதெல்லாம் பேசு... பொண்ணு நனையிது பாரு. குடைய அந்தாண்ட புடி!"

அவன் பதறிப்போய் குடையை முழுதாக அவள் பக்கம் சாய்த்தான். அவன் தோளில் மழை கொட்டியது. பிரின்சி சிரித்துக்கொண்டே ஓர் அடி முன்னால் வைத்து, அவனையும் குடைக்குள் இழுத்துக்கொண்டாள்.