நாலாவது ஆள்

“மூணு பேர்தான் நிக்கிறீங்க. நாலு பேர் இருந்தாத்தான் மாணவர் குழு டிக்கெட். எத்தனை தடவை தம்பி சொல்றது?”

கவுண்டர் அம்மா கண்ணாடிக்குப் பின்னாலிருந்து சொன்னது, வரிசையில் நின்ற அத்தனை பேர் காதிலும் விழுந்தது. யாரிடம் சொன்னாரோ அவன் காதில் மட்டும் விழவில்லை. காரணம், அவன் பேசிக்கொண்டிருந்தான். கழுத்தில் விசில், நெஞ்சில் பேட்ஜ். அதில் ‘எளிய பயணிகள் மன்றம் – தலைவர்’ என்று எழுதியிருந்தது. மன்றத்தில் மொத்தமே நாலு பேர். நாலு பேருக்கும் பதவி உண்டு. அன்றைக்குப் பார்த்துப் பொருளாளர் வரவில்லை.

“மேடம், கொள்கை அளவுல பார்த்தா நாங்க நாலு பேர்தான். ஒருத்தர் கொஞ்சம் தாமதமா...”

“கொள்கைக்கெல்லாம் டிக்கெட் கிடையாது. அடுத்தது யாரு?”

அடுத்தது அவள். வெளியே நல்ல மழை. குடையில்லாமல் ஓடி வந்திருந்தாள். இமையோரத்தில் இரண்டு துளி, விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தன. அவள் நிமிர்ந்து பார்த்தாள்... துளிகள் விழுந்தன. தலைவரின் பேச்சு நின்றது. அவன் ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டது மன்றத்தின் வரலாற்றிலேயே அதுதான் முதல் தடவை என்று செயலாளர் ஒல்லி பிற்பாடு சொன்னான்.

“நான் நாலாவதா வர்றேன்,” என்றாள். “என் பங்கைக் கொடுத்துடுறேன். ஏழு பத்துக்கு வண்டி. சீக்கிரம்.”

“நாங்க எங்க போறோம்னே உங்களுக்குத் தெரியாதே?”

“துறைமுக ஊருக்கு. நீங்க பேசுறது ஸ்டேஷன் வாசல் வரைக்கும் கேட்குது.”

மன்றத்தின் துணைத்தலைவன், எப்போதும் கொட்டாவி விடுகிற ஒரு பையன், கொட்டாவியை நிறுத்திவிட்டுச் சிரித்தான்.

அந்த டிக்கெட்டின் சங்கதி இதுதான். நாலு மாணவர்கள் சேர்ந்து போய், அன்றைக்கே நாலு பேரும் சேர்ந்து திரும்பினால், ஒரு ஆள் கட்டணத்தில் காரியம் முடிந்துவிடும். அதனால் சனிக்கிழமை காலையில், தனியாகப் போகிற மாணவர்கள் கவுண்டர் பக்கத்தில் நின்று மூன்று பேர் உள்ள கூட்டத்துக்காகக் காத்திருப்பார்கள், கிடைத்ததும் ஒட்டிக்கொள்வார்கள். எங்கேயும் எழுதி வைக்காத வழக்கம். கவுண்டர் அம்மாவுக்கும் தெரியும், டிக்கெட் பரிசோதகருக்கும் தெரியும். தெரியாதது மாதிரி இருந்துகொண்டார்கள். அதனால் எல்லாம் நடந்தது.

அவளுக்கு இதில் மூன்று வருட அனுபவம். துறைமுக ஊரின் பெரிய ஓட்டல் ஒன்றில், பின்பக்கத்துச் சலவைக்கூடத்தில் அவள் அம்மா வேலை பார்த்தாள். தங்குவதும் அங்கேயே. வாரத்தில் ஒரே ஓய்வு, சனிக்கிழமை பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை. அந்த இரண்டு மணி நேரத்துக்காக இவள் போக நாலு மணி நேரம், வர நாலு மணி நேரம் ரயிலில் உட்கார்ந்தாள். சலவைக்கூடத்தின் பின்னால் ஒரு பெஞ்சு. வெந்நீரும் சோப்பும் தின்று வெளுத்த விரல்களால் அம்மா அவள் தலையைப் பின்னிவிடுவாள். இருவரும் பெரிதாக ஒன்றும் பேசிக்கொள்வதில்லை.

வண்டி கிளம்பியதும் தலைவர் கேட்டான். “அங்க யார் இருக்காங்க உங்களுக்கு?”

“சித்தி. கடலைப் பார்த்த வீடு. மாடியில எனக்குன்னே தனி ரூம் இருக்கு.”

பொய், திரைச்சீலையெல்லாம் தொங்கவிட்டுக்கொண்டு இத்தனை சுலபமாக வந்துவிடும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை. ஆனால் விசிலும் பேட்ஜும் மாட்டிய ஒருவன் முன்னால் சலவைக்கூடத்தை எடுத்து வைக்க மனம் வரவில்லை.

அவன் மட்டும் என்னவாம்? சட்டையின் முழங்கையில் பெரிய ஒட்டு. கிழியாத சட்டையில் ஒட்டுப் போடத் தையல்காரர் தனிக் கூலி வாங்கியிருந்தார். மதியத்துக்கு ஒரு காய்ந்த ரொட்டியை எடுத்து, யாரோ படம் பிடிக்கப்போகிற மாதிரி பிய்த்தான்.

“எளிமைன்னா என்ன தெரியுமா? ஒரு வேளைச் சாப்பாட்டை நாமளா விட்டுப் பார்க்கிறது.”

“நாமளா விட்டா எளிமை. அதுவா நம்மளை விட்டா, அதுக்கு என்ன பேர் தலைவரே?”

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். நல்ல வரி என்று குறிப்பேட்டில் எழுதியும் கொண்டான்.

அடுத்த சனிக்கிழமை பொருளாளருக்குக் காய்ச்சல். அதற்கடுத்த வாரம் பல்வலி. அப்புறம் அவனுடைய அக்காவுக்கு இரண்டு முறை நிச்சயதார்த்தம் நடந்தது. ஒவ்வொரு வாரமும் நாலாவது இடம் காலியாக இருந்தது. ஒவ்வொரு வாரமும் அவள் அதில் ஏறினாள். ‘நீங்க’ எப்போது ‘நீ’ ஆனது என்று இருவருக்குமே தெரியாது. ஐந்தாவது வாரம், திரும்பும் வழியில், மழை ஜன்னலைத் தட்டிக்கொண்டே கூட ஓடி வந்தது. அவள் தூங்கிப்போனாள். கண் விழித்தபோது தலை அவன் தோளில். தோள் மரத்துப்போயும் அவன் அசையவில்லை. நாற்பது நிமிடம் பேசாமல் வேறு இருந்திருக்கிறான்! அவன் உலகத்தில் அதற்கு மேல் ஒரு தியாகம் கிடையாது.

‘இவன் பேசாம இருந்தா எவ்வளவு அழகா இருக்கான்...’ என்று நினைத்து, நினைத்ததற்காகவே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஏழாவது வாரம் அவன் பேசிவிட்டான். அவளிடம் அல்ல, ஊரிடம். பல்கலைக்கழகப் பத்திரிகையில் நாலு பக்கக் கட்டுரை, ‘எளிமையே இன்பம்: குறைந்த செலவில் ரயில் பயணம்’. ரொட்டி இருந்தது, அவளுடைய வரி அவனுடைய வரியாக இருந்தது, கடைசியில் ஒரு ரகசியமும் இருந்தது: ‘டிக்கெட் கவுண்டர் அருகே, தனியாகப் போக வழியில்லாத யாராவது ஒருவர் எப்போதும் நிற்பார். அவரை நாலாவது ஆளாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். நன்றியோடு வருவார்.’

கட்டுரைக்குப் பெரிய வரவேற்பு. துணைவேந்தர் பாராட்டினார். ரயில்வே அதிகாரி ஒருவரும் படித்தார்.

அந்தச் சனிக்கிழமை அவன் ஸ்டேஷனுக்கு வரவில்லை, பாராட்டுக் கூட்டம். அவள் வேறு மூன்று பேரைப் பிடித்து நிறுத்தினாள். கவுண்டர் அம்மா, புதிதாக ஒட்டிய அறிவிப்பை விரலால் தட்டினார். நாலு பேரும் ஒரே துறை மாணவர்களாக இருக்க வேண்டும். துறைத் தலைவரின் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும்.

“தெரியாத மாதிரி இருந்தோம்மா. இப்ப அச்சுல வந்த பிறகு எப்படித் தெரியாத மாதிரி இருக்கிறது?”

முழுக் கட்டணத்துக்கு அவளிடம் வழியில்லை. ஏழு பத்து வண்டி அவளை விட்டுவிட்டுப் போனது. சாயங்காலம் அம்மா போன் செய்தாள்.

“வேலை இருந்திருக்கும், பரவாயில்லடி. ரெண்டு மணி வரைக்கும் பெஞ்சுலதான் இருந்தேன். காத்து நல்லா வந்துச்சு.”

அந்தப் ‘பரவாயில்ல’ அவளை ஒரு வாரம் தூங்கவிடவில்லை.

விடுதியில் ஒரு வாரம் இரவுச் சாப்பாட்டை நிறுத்தி, அடுத்த சனிக்கிழமைக்கு முழுக் கட்டணம் சேர்த்தாள். டிக்கெட்டோடு பிளாட்ஃபாரத்தில் நின்றபோது, மழையில் நனைந்தபடி அவன் ஓடி வந்தான். விசில் இல்லை, பேட்ஜ் இல்லை.

“எங்கெல்லாம் தேடுறது உன்னை! வாரம் பூரா கண்ணுலயே படலை. நான் ஒண்ணு சொல்லணும்.”

“சொற்பொழிவா, கட்டுரையா?”

“பொருளாளருக்குப் பல்வலி இல்ல.”

“தெரியும்.”

“காய்ச்சலும் இல்ல. அவனுக்கு அக்காவே கிடையாது. வராதேன்னு நான்தான் சொன்னேன், ஒவ்வொரு வாரமும். அந்த இடம் உனக்காகக் காலியா இருக்கணும்னு...” அவன் மூச்சு வாங்கினான். “உன்னை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு.”

இத்தனை வாரமாக எதிர்பார்த்த வார்த்தை. வெறும் வயிற்றில் வந்து விழுந்ததால், இனிக்க வேண்டியது குமட்டியது.

“‘நன்றியோடு வருவார்’னு எழுதியிருந்தியே?”

“ஐயோ, அது உன்னைப் பத்தி இல்ல. பொதுவா எழுதினது.”

“பொதுவாத்தான் எனக்கும் டிக்கெட் போச்சு.”

அவன் விழித்தான். அறிவிப்பு அவன் கண்ணிலேயே பட்டிருக்கவில்லை. பாராட்டுக் கூட்டத்தில் இருந்தவனுக்குக் கவுண்டர் பக்கம் என்ன வேலை? விஷயம் புரிந்ததும் அவசரமாகச் சொன்னான். “இதுக்கா கவலைப்படுறே? நான் காரை எடுத்துட்டு வர்றேன். வாரா வாரம் உன் சித்தி வீட்டு வாசல்லயே இறக்கி விடுறேன்.”

“காரா? யாரோட கார்?”

“அப்பாவோடது...” குரல் தேய்ந்தது. “ரெண்டு இருக்கு.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் உடைந்தது.

“எனக்குச் சித்தியே கிடையாது. கடலைப் பார்த்த வீடும் கிடையாது. அங்க ஒரு ஓட்டல்ல அழுக்குத் துணி துவைக்கிறது எங்கம்மா. வாரத்துக்கு ரெண்டு மணி நேரம்தான் விடுவாங்க. போன வாரம் அந்த ரெண்டு மணி நேரமும் பெஞ்சுல தனியா உட்கார்ந்திருந்தாங்க.”

“என்கிட்ட சொல்லியிருக்கலாமே...”

“சொல்லியிருந்தா அதையும் எழுதியிருப்பே.”

அவன் தலை குனிந்தான். இல்லை என்று சொல்ல முடியவில்லை. சொல்லாமல் இருக்கிற நேர்மை அவனிடம் இருந்தது. அதைப் பார்த்தபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

“எனக்கும் உன்னைப் பிடிக்கும்,” என்றாள், ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்வது மாதிரி. “இதைச் சொல்ற மனசே இன்னைக்கு எனக்கு இல்ல. ஆனா பொய் சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு.”

வண்டி வந்து நின்றது. அவன் கவுண்டருக்கு ஓடி, முழுக் கட்டணம் கொடுத்து ஒரு டிக்கெட்டோடு திரும்பினான்.

“நானும் வர்றேன்.”

“வா. ஆனா பன்னிரண்டு மணிக்கு அவங்க அங்க உட்கார்ந்திருப்பாங்க. போன வாரம் ஏன் வரலைன்னு என்னைக் கேட்கவே மாட்டாங்க. நீதான் சொல்லணும்.”

“என்னன்னு சொல்றது?”

அவள் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அவன் எதிரே வந்து உட்கார்ந்தான். நாலு மணி நேரத்தில் மூன்று தடவை மெல்ல ஒத்திகை பார்த்தான். மூன்று தடவையும், “அம்மா, நான்...” என்பதைத் தாண்ட முடியவில்லை.

அவள் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த வார்த்தை என்ன என்று அவளுக்குத் தெரியும். எடுத்துக் கொடுக்கவில்லை.