அடியில் கிடந்த அழைப்பு

திரையில் திறந்திருந்தவை இரண்டு விண்டோக்கள். விழுந்திருந்த நிழல்கள் மூன்று.

வேறு ஆளாக இருந்தால் கவனித்தே இருக்கமாட்டார். கணினித் திரையில் ஒரு விண்டோவின் ஓரத்தில் லேசாகக் கறுக்கும் அந்தக் கோட்டை யார் உட்கார்ந்து எண்ணப்போகிறார்கள்? மதீசன் எண்ணுவான். அந்த நிழலை வரைகிற நிரலை எழுதியவனே அவன்தான். எந்த விண்டோ மேலே இருக்கவேண்டும், எது அடியில் போகவேண்டும், விரல் தட்டுகிற எழுத்து எதற்குள் போய் விழவேண்டும் என்று கட்டளையிடும் நிரலோடு மாரடிப்பதுதான் அவனுடைய பிழைப்பு. ஒரு விண்டோவுக்கு ஒரு நிழல். சும்மா ஒரு நிழல் வந்து விழாது.

கண் களைத்துவிட்டது என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். ஜெர்மனியின் எர்லாங்கனில் டிசம்பர் மாதத்தில் நாலரை மணிக்கே இருட்டிவிடும். வேலை முடிந்தவர்களின் சைக்கிள் விளக்குகள் ஈரத் தெருவில் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. அறைக்குள் ஹீற்றர் குழாயில் தண்ணீர் களகளவென்று ஓடியது. அடுப்படியிலிருந்து மத்தியானத்து மீன்குழம்பின் மணம் இன்னும் போகவில்லை.

"இஞ்சருங்கோ, நான் குளிக்கப் போறன். கால் ரெண்டும் வீங்கிப்போய்க் கிடக்கு." சாரங்கா ஏழு மாத வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு வாசலில் நின்றாள். "கதவைப் பூட்டிப்போட்டுக் குளிக்காதை எண்டு கொறற்றி அக்கா சொன்னவ. சும்மா சாத்தி வைக்கிறன். காதை இஞ்சால வைச்சிருங்கோ, என்ன?"

"ஓம், ஓம்," என்றான், திரையிலிருந்து தலையைத் தூக்காமலே.

குளியலறைக் கதவு சாத்துகிற சத்தமும் குழாய் திறக்கிற சத்தமும் கேட்டன. தொட்டியில் தண்ணீர் விழத் தொடங்கியது.

கொறற்றி அக்கா மன்னாரிலிருந்து அந்தக் காலத்தில் அகதியாக வந்தவர். தேவாலயத்தில் தமிழ்ப் பூசைக்குப் போனால் முதல் வாங்கில் இருப்பார். சாரங்காவுக்குப் பிள்ளை பிறக்கும்போது பக்கத்தில் நிற்பேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். முதியோர் இல்லமொன்றில் இரவுத் தாதியாக இருந்தார். இருந்தார் என்றுதான் சொல்லவேண்டும், கடமை நேரத்தில் நித்திரை கொண்டார் என்று போன மாதம் வேலையை விட்டுத் துரத்திவிட்டார்கள்.

அந்த இல்லத்தில் கட்டிலுக்குக் கட்டில் ஒரு பொத்தான் உண்டு. அமுக்கினால் தாதியின் மேசைத் திரையில் அறையின் பெயரோடு ஒரு விண்டோ எழும்பும். அதற்குள் காத்திருக்கும் நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். தாதி அந்த அறைக்குள் போய்ச் சுவரிலுள்ள பச்சைப் பொத்தானை அமுக்கினால்தான் ஓட்டம் நிற்கும். மற்றவர்களின் நித்திரை குழம்பக்கூடாதென்று இரவில் மணியோசையை அடைத்துவிடுவார்கள். ஆக, அந்த விண்டோ ஒன்றுதான் துணை.

அதைத்தான் மதீசன் அடியில் தள்ளினான். வேண்டுமென்று செய்யவில்லை, பாவம். அறிக்கை எழுதும்போது விண்டோக்கள் குறுக்கே பாய்ந்து எழுத்தையெல்லாம் விழுங்குகின்றன என்று தாதிமார் புலம்பியதால், ஒருவர் தட்டிக்கொண்டிருக்கும்வரை புதிதாக வருவது அடியிலேயே கிடக்கவேண்டும், கை ஓய்ந்தபிறகு மேலே வரலாம் என்று ஒரு விதி எழுதினான். நல்ல விதிதான். அழைப்புகளுக்கு இந்த விதி இல்லை என்று கீழே இன்னொரு வரியும் எழுதினான். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, சோதனைக்காக அந்த வரியை அணைத்துவைத்தான். வீட்டுக்குப் போகிற அவசரத்தில் அப்படியே அனுப்பிவிட்டான்.

பதினாலாம் அறையில் இருந்த முதியவர் செல்வரட்ணம் அண்ணை மூச்சுத் திணறிப் பொத்தானை அமுக்கியபோது, கொறற்றி அக்கா மறுநாள் காலை ஆட்களுக்கான குறிப்பை எழுதிக்கொண்டிருந்தார். நீளமான குறிப்பு. கை ஓயவே இல்லை. விடிய அறைக்குப் போனபோது பொத்தான் செத்துக்கிடந்த அண்ணையின் கைக்குள்ளேயே இறுகிக் கிடந்தது.

மதீசன் தன் பிழையைக் கண்டுபிடித்தான். வரியைத் திரும்ப உயிர்ப்பித்தான். வாயைத் திறக்கவில்லை. வேலை போய்விடும், ஊர் முழுக்கப் பேர் நாறிவிடும், பிள்ளை வேறு பிறக்கப்போகிறது என்று தனக்குத்தானே ஆயிரம் நியாயம் சொல்லிக்கொண்டான். நாளைக்குத் தொழில் நீதிமன்றத்தில் அக்காவின் டெர்மின், விசாரணை நாள். மென்பொருள் ஒழுங்காக வேலை செய்தது என்று இன்றைக்குள் ஓர் அறிக்கை எழுதித் தரும்படி நிறுவனம் கேட்டிருந்தது. அது போனால் அக்காவின் கதை முடிந்தது.

காலையில்கூட அக்கா போன் எடுத்தார். "தம்பி, அந்தோனியார் மேல ஆணையா நான் நித்திரை கொள்ளேல்லை. அழைப்பு வந்திருந்தா ஓடியிருக்கமாட்டனே? திரையில ஒண்டுமே வரேல்லையடா. நீயாவது நம்புறியோ?"

"நம்புறன் அக்கா," என்றிருந்தான். எந்த வாயால் அதைச் சொன்னான் என்று அவனுக்கே தெரியவில்லை.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தான். மூன்றாவது நிழல் அங்கேயேதான் இருந்தது, அறிக்கைக்குப் பின்னால், அதன் விளிம்பைவிட ஒரு மயிரிழை அகலமாக. திறந்திருப்பவற்றை வரிசையாகக் காட்டும் விசைகளை அமுக்கினான். அறிக்கை. மின்னஞ்சல். கடைசியில் பெயரில்லாத ஒரு கறுப்புச் சதுரம். அதன் மூலையில் சின்னதாக ஓர் எண் ஓடிக்கொண்டிருந்தது.

காத்திருக்கும் நேரம்.

இந்தக் கணினிக்கும் முதியோர் இல்லத்துக்கும் எந்தத் தொடுப்பும் இல்லை. மூடப் பார்த்தான், மூடவில்லை. ஹீற்றர் குழாய்க்குள் டொக் என்று ஒரு சத்தம் கேட்டது. கொஞ்சம் விட்டு இன்னொரு டொக். பழைய கட்டடம், குளிருக்குக் குழாய்கள் தட்டுவது வழக்கம்தான் என்று நினைத்துக்கொண்டான். குளியலறையில் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது.

அறிக்கையை முடித்துவிட்டு எழும்பிப்போய்த் தேநீர் குடிக்கலாம் என்று தட்டத் தொடங்கினான். அழைப்பு விண்டோ உரிய நேரத்தில் மேலே காட்டப்பட்டது என்று எழுதினான். அடுத்த வரிக்குச் சொல் தேடி ஒரு கணம் கையை நிறுத்தினான். மின்னஞ்சலின் நிழல் மறைந்து போயிற்று. கறுப்பு அதன் மேலே ஏறியிருந்தது. இப்போது அறிக்கைக்குக் கீழே அடுத்தது அதுதான். அறிக்கையின் ஓரத்தைச் சுற்றி விரலளவு கறுப்பு, தீட்டுத் துணியில் ஈரம் ஊறுகிறதுபோல், மெல்ல வெளியே ஊறிக்கொண்டிருந்தது.

அவனுக்கு விளங்கிவிட்டது. அது அவனுடைய விதி. தட்டிக்கொண்டிருக்கும்வரை அடியில் கிடக்கும். கை ஓய்ந்தால் மேலே வரும். மேலே வந்தால் என்ன பெயர் இருக்கும் என்றும் அவனுக்குத் தெரியும். அறை பதினாலு. அந்தப் பெயரைப் பார்க்க அவனால் ஏலாது. வேறு எதைக் கேட்டாலும் கொடுப்பான், அதை மட்டும் பார்க்கமாட்டான்.

தட்டினான். பணியாளர் கவனிக்கவில்லை.

டொக். டொக். இப்போது வேகமாக. குழாயா அது? சத்தத்தை மறைக்கும் பெரிய ஹெட்போனை ஒரு கையால் இழுத்துக் காதில் மாட்டிக்கொண்டான், மற்றக் கை தட்டுவதை நிறுத்தாமலே. உலகம் அடங்கியது. அவனுடைய மூச்சு மட்டும் கேட்டது. ஆனாலும் அந்தத் தட்டல் நாற்காலிக் கால் வழியாக ஏறி முதுகெலும்புக்கு வந்தது.

"என்னை விடுங்கோ அண்ணை," என்று வாய்விட்டே சொன்னான். "நான் வேணுமெண்டு செய்யேல்லை. சத்தியமா வேணுமெண்டு செய்யேல்லை."

சொல்ல வேறு எதுவும் மிஞ்சவில்லை. அதனால் எழுதியதையே திரும்ப எழுதினான். அழைப்பு வந்தது. பணியாளர் கவனிக்கவில்லை. அழைப்பு வந்தது. பணியாளர் கவனிக்கவில்லை. பக்கம் நிறைந்து அடுத்த பக்கம் போயிற்று. மணிக்கட்டு வலித்தது. கழுத்தடியில் வியர்வை. ஓரத்துக் கறுப்பு நகரவில்லை. பார்த்துக்கொண்டிருந்தது. காத்துக்கொண்டிருந்தது.

தட்டல் குறைந்தது.

ஒன்று.

பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை.

பிறகு மிக மெல்லியதாக ஒன்று.

பிறகு இல்லை.

அப்பாடா என்று இருந்தது. வெட்கம்கெட்ட நிம்மதி, ஆனாலும் நிம்மதி. போய்விட்டார், அவர் போய்விட்டார். மதீசனின் விரல்கள் தாமாகவே விசைகளின் மேல் ஓய்ந்தன. ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டான்.

கறுப்பு மேலே வந்தது.

அவசரமே இல்லாமல் வந்தது. அறிக்கையை மூடி, திரையை மூடி, அவன் எழுதிய அந்த அழகான நிழலோடு வந்து நின்றது. நடுவில் பெரிய எழுத்து. பார்க்கமாட்டேன் என்றவன் பார்த்தான்.

அறை பதினாலு அல்ல.

குளியலறை.

அதற்குக் கீழே, அழைப்பவர்: சாரங்கா. அதற்குக் கீழே காத்திருக்கும் நேரம். அவள் குளிக்கப் போன நேரத்திலிருந்து ஓடிக்கொண்டிருந்தது.

"சாரங்கா?"

தண்ணீர் விழும் சத்தம் மட்டும்தான் பதிலாக வந்தது. தொட்டி எப்போதோ நிரம்பியிருக்கவேண்டும். காதை இஞ்சால வைச்சிருங்கோ என்றாளே. ஓம், ஓம் என்றானே. தட்டினாளே, அவ்வளவு நேரம் தட்டினாளே!

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழும்பினான். திறந்திருந்த அறை வாசலால் நடைவழி தெரிந்தது. அதன் முடிவில் சாத்திய கதவு, பூட்டாத கதவு. கதவின் அடியிலிருந்து தண்ணீர் தரையில் மெல்ல வழிந்து வந்துகொண்டிருந்தது. சுடுதண்ணீர், அவளுடைய சந்தன சோப்பின் வாசத்தோடு.

அப்போது திரையில் அந்த எண் நின்றது.

எழுதியவனுக்குத் தெரியாதா? அது தானாக நிற்காது. ஒருவர் அறைக்குள் வந்தால்தான் நிற்கும். வீட்டில் அவனையும் அவளையும் தவிர உயிரோடு வேறு ஆளில்லை.

குளியலறைக்குள் தண்ணீர்க் குழாயை யாரோ மூடினார்கள். வீடு முழுக்க நிசப்தம்.

கதவுக்கு அடியில் வெளிச்சம் ஒரு நீளக் கோடாகக் கிடந்தது. வழிகிற தண்ணீரில் அது பளபளத்தது. அந்தக் கோட்டின் நடுவில், கதவுக்கு அந்தப் பக்கத்தில், அவனைப் பார்த்தபடி, இரண்டு கால்களின் நிழல் நின்றுகொண்டிருந்தது.