டிக்கெட் எடுக்காத பயணி

சில்வண்டின் அப்பாவிடம் யார் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்.

"எனக்கென்ன, ஜம்முனு இருக்கேன்!"

காய்ச்சலில் போர்த்திக்கொண்டு படுத்திருந்தாலும் ஜம்முனு இருக்கேன். கதவிடுக்கில் விரல் நசுங்கி, கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நிற்கும்போதும் ஜம்முனு இருக்கேன். அப்படி ஒரு மனிதர் அவர்.

அவர் பதினான்காம் நம்பர் பஸ்ஸின் டிரைவர். பஸ் விஷயத்தில் மட்டும் அவர் பேச்சே வேறு. தினமும் வேலை முடிந்ததும் டிப்போவில் ஒரு குறைச் சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். மற்ற டிரைவர்கள் இரண்டு வரி எழுதிவிட்டு ஓடுவார்கள். அப்பா ஒரு பக்கம் நிறைய எழுதுவார். 'மழைத் துடைப்பான் கீச்சென்கிறது. நான்காவது சீட் ஆடுகிறது. இடது கண்ணாடியில் கீறல்.' மெக்கானிக் தலையில் அடித்துக்கொள்வார்.

"வண்டியோட குறையை மறைக்கிறவன் டிரைவரே இல்ல" என்பார் அப்பா.

சில்வண்டுக்குப் பத்து வயது. அவளுடைய உண்மையான பெயர் பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேட்டில் பத்திரமாக இருக்கிறது. வாய் மூடாமல் பேசுவதால் வீட்டில் சில்வண்டு.

மூன்று மாதத்துக்கு முன்னால் அப்பாவுக்குக் குடலில் ஆபரேஷன் நடந்தது. கெட்டுப்போன பகுதியை டாக்டர் எடுத்துவிட்டார். மீதிக் குடலின் நுனியை, வயிற்றின் வலது பக்கம் ஒரு சின்ன வாசல் வைத்து வெளியே கொண்டுவந்தார். இனிமேல் அப்பாவுக்கு மலம் அந்த வழியாகத்தான் வரும். அதைப் பிடிக்க வாசலின் மேல் ஒரு பையை ஒட்டிக்கொள்ள வேண்டும். பை நிறைந்தால் கழிவறையில் காலி செய்துகொள்ளலாம். மூன்று நாளைக்கு ஒருமுறை பழைய பையை எடுத்துவிட்டுப் புதியதை ஒட்ட வேண்டும். சட்டை போட்டுவிட்டால் வெளியே ஒன்றும் தெரியாது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே அப்பா அந்தப் பைக்குப் பெயர் வைத்துவிட்டார்.

"இவன் டிக்கெட் எடுக்காத பயணி. நான் போற இடத்துக்கெல்லாம் ஓசியில வருவான்."

சில்வண்டு முதலில் பயந்தாள். அப்புறம் சிரித்தாள். ஒரு வாரத்தில், "அப்பா, கூட்டம் சேர்ந்துடுச்சா? இறக்கி விட்டுட்டு வாங்க!" என்று சத்தம் போடும் அளவுக்குத் தேறிவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த பைகள் தீர்ந்ததும், இணையக் கடையில் ஒரு பெட்டி வாங்கினார்கள். பெட்டி சின்னதுதான். விலைதான் பெரியது. மாதாமாதம் கைக்காசு போட்டு வாங்கினால் கட்டுப்படியாகாது. அந்தக் கடையிலேயே இன்னொரு வழியும் இருந்தது. அப்பாவின் மருத்துவ இன்சூரன்ஸ் சம்மதித்துவிட்டால், மாதம் ஒரு பெட்டி வீடு தேடி வரும். அம்மா அதற்கு விண்ணப்பம் போட்டாள்.

விண்ணப்பம் போய் மூன்று வாரம் ஆகிவிட்டது. பதிலைக் காணோம். அலமாரியைத் திறந்து பார்த்தால் பெட்டியில் மூன்றே மூன்று பைகள்தான் மிச்சம்.

அப்பா சிக்கனம் பிடிக்க ஆரம்பித்தார். மூன்று நாளைக்கு ஒரு பை என்பது ஐந்து நாள் ஆனது. ஓரம் பெயர்ந்து வந்தால் அதன்மேல் டேப் ஒட்டினார். டேப்பும் பெயர்ந்தால் இன்னொரு டேப். குளியலறைக்குள்ளிருந்து டேப்பைக் கிழிக்கும் 'சர்ர்ர்' சத்தம் அடிக்கடி கேட்டது.

ஒரு நாள் சில்வண்டும் அப்பாவும் முடிவெட்டும் கடைக்குப் போனார்கள். பாதி முடி வெட்டியிருந்தபோது அப்பா சட்டென்று போர்த்தியிருந்த துணியை விலக்கிச் சட்டையைப் பார்த்தார். பை கசிந்திருந்தது. அந்தத் துணியை மெல்லப் பிடித்துக்கொண்டு அப்பா எழுந்தார்.

"மீதியை அப்புறம் வெட்டிக்கறேன். அவசரமா ஒரு வேலை."

பாதி வெட்டிய தலையோடு இருவரும் வீட்டுக்கு விறுவிறுவென்று நடந்தார்கள்.

"அப்பா, என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல கண்ணு. ஜம்முனு இருக்கேன்."

சில்வண்டு பேசாமல் நடந்தது அன்றுதான் முதல் தடவை.

இன்னும் பன்னிரண்டு நாளில் அப்பா மறுபடி பஸ் ஓட்டப் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்பாவின் சீருடை துவைத்துத் தேய்த்து ஆணியில் தொங்கியது. ஆனால் ஐந்து நாள் பழைய பையை வைத்துக்கொண்டு எட்டு மணி நேரம் எப்படி ஸ்டியரிங் முன்னால் உட்காருவது? நடு வழியில் கசிந்தால் பஸ்ஸை நிறுத்திவிட்டு ஓட முடியுமா? அப்பா தினமும் அந்தச் சீருடையைப் பார்ப்பதும், முகத்தைத் திருப்பிக்கொள்வதுமாக இருந்தார்.

மறுநாள் இன்சூரன்ஸ் அலுவலகத்திலிருந்து அம்மாவின் செல்போனுக்குப் பதில் வந்தது. அம்மா பேக்கரியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். கையில் மாவு. அதனால் சில்வண்டுதான் உரக்கப் படித்தாள்.

"'தங்கள் விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. நாங்கள் தொலைபேசியில் விசாரித்தபோது, தமக்கு எந்தச் சிரமமும் இல்லை என்றும், இருப்பதே போதும் என்றும் பயனாளி தெரிவித்தார்.' அம்மா, பயனாளின்னா யாரு?"

அம்மா மெதுவாகத் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். சில்வண்டும் பார்த்தாள். அப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை.

"போன் வந்துச்சா?" என்றாள் அம்மா.

"வந்துச்சு... போன வாரம்."

"என்ன கேட்டாங்க?"

"அந்தம்மா ரொம்ப மரியாதையா கேட்டாங்க. 'எப்படி இருக்கீங்க சார், ஏதாவது சிரமம் இருக்கா?'ன்னு. நானும்..."

"ஜம்முனு இருக்கேன்னு சொல்லிட்டீங்களா?"

அப்பா அசடு வழியச் சிரித்தார். "வாயில வந்துடுச்சு."

அம்மா தலையில் கை வைத்தாள். தலைமுடியெல்லாம் மாவு. "ஊரே கேட்டா ஜம்முனு சொல்லுங்க. இன்சூரன்ஸ்காரங்க கேட்டா கூடவா?"

நல்லவேளை, மறுபடி விசாரிக்கச் சொல்லி மனு போட ஒரு வழி இருந்தது. அம்மா கையைக் கழுவிவிட்டு அப்போதே அனுப்பினாள். புதன்கிழமை பத்து மணிக்கு மேல் கூப்பிடுவோம் என்று பதில் வந்தது. அந்த நேரம் அம்மா பேக்கரியில் இருப்பாள். தவிர, பயனாளியிடம்தான் பேசுவார்களாம்.

"இவரை நம்பி எப்படி விட்டுட்டுப் போறது?" என்றாள் அம்மா.

"நான் இருக்கேன்ல? எனக்குத்தான் லீவு" என்றாள் சில்வண்டு.

செவ்வாய்க்கிழமை பயிற்சி ஆரம்பமானது. சில்வண்டு டிவி ரிமோட்டைக் காதில் வைத்துக்கொண்டு சோபாவில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தாள். அப்பாவின் காதில் சீப்பு. நடுவில் ஒரு தட்டு நிறைய பேக்கரியின் உடைந்த பிஸ்கட்டுகள். அப்பா தப்பாகச் சொன்னால் ஒரு பிஸ்கட் சில்வண்டுக்கு.

"வணக்கம். இன்சூரன்ஸ் ஆபீஸ். எப்படி இருக்கீங்க சார்?"

"எனக்கென்ன, ஜம்..."

"அவுட்!"

"சரி, சரி. இன்னொரு தடவை."

"எப்படி இருக்கீங்க சார்?"

"பரவாயில்லம்மா. ஒண்ணும் பெரிசா..."

"அவுட்!"

"நீங்க எப்படி இருக்கீங்க மேடம்? வீட்ல எல்லாரும் நலமா?"

"அவுட்! அவுட்! அவுட்!"

ஏழாவது பிஸ்கட்டோடு சில்வண்டுக்கு வயிறு நிறைந்துவிட்டது. மனசு மட்டும் என்னவோ போல் இருந்தது. அவள் ரிமோட்டைக் கீழே வைத்தாள்.

"ஏன்பா, உள்ளதைச் சொல்ல உங்களுக்கு வாயே வர மாட்டேங்குது?"

அப்பா சீப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆபரேஷன் முடிஞ்சு கண்ணு முழிச்சப்போ நீ கதவுகிட்ட நின்னுட்டிருந்தே. மூஞ்சியே சுருங்கிப் போயிருந்துச்சு. இனிமே எம்புள்ள முன்னாடி வலிக்குதுன்னு சொல்லவே கூடாதுன்னு அன்னிக்கு நினைச்சேன்."

சில்வண்டின் கண் நிறைந்துவிட்டது.

"நீங்க ஜம்முனு இருக்கேன்னு சொல்றப்பதான்பா எனக்கு பயமா இருக்கு. உள்ளே டேப் கிழிக்கிற சத்தம் எனக்குக் கேக்குதே. என்ன ஆச்சுன்னு தெரிஞ்சா பயம் இல்ல. தெரியாததுதான் பயம்."

அப்பா அவளை இழுத்து அணைத்துக்கொண்டார். டிக்கெட் எடுக்காத பயணி நசுங்காமல், இடது பக்கமாக.

"எனக்கும் சொல்லணும்னுதான் இருக்கு கண்ணு. கேட்டவுடனே நாக்கு தானா அந்தப் பக்கம் போயிடுது. பழக்கம்."

சில்வண்டு யோசித்தாள். ஆணியில் தொங்கிய சீருடை கண்ணில் பட்டது. அதன் பாக்கெட்டிலிருந்து பழைய குறைச் சீட்டு ஒன்று எட்டிப் பார்த்தது. அவள் குதித்து எழுந்தாள். நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, டிப்போ சீட்டைப் பார்த்து அப்படியே கோடு போட்டாள். பேனாவை அப்பாவிடம் நீட்டினாள்.

"நான்தான் மெக்கானிக். வண்டி எண்: அப்பா. குறை எழுதுங்க."

"என்ன விளையாட்டு இது?"

"வண்டியோட குறையை மறைக்கிறவன் டிரைவரே இல்ல. யாரோ சொன்னாங்க."

கையும் களவுமாகப் பிடிபட்டவர் போல அப்பா விழித்தார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பேனா தாளில் பட்டதுதான் தாமதம், கை தானாக ஓடியது. ஆறு மாதக் குறைச் சீட்டை ஒரே மூச்சில் எழுதுகிறவர் போல எழுதிக்கொண்டே போனார். இடம் போதாமல் பின்பக்கமும் திருப்பினார்.

சில்வண்டு அதை வரிவரியாகப் படித்தாள். அதில் பாதி அவளுக்குத் தெரியாத விஷயம். ஆனால் பயமாக இல்லை.

புதன்கிழமை பத்தேகாலுக்கு போன் அடித்தது. அப்பா ஸ்பீக்கரில் போட்டார்.

"வணக்கம் சார். இன்சூரன்ஸ் ஆபீஸ்லேர்ந்து பேசறேன். எப்படி இருக்கீங்க?"

"எனக்கென்ன, ஜ..."

சில்வண்டு குறைச் சீட்டை அவர் மூக்குக்கு நேராக நீட்டினாள். அப்பா படிக்க ஆரம்பித்தார்.

"வலது பக்கம் கசிவு உள்ளது. ஐந்து நாளில் நான்கு முறை டேப் ஒட்டப்பட்டது. சுற்றிலும் தோல் சிவந்து எரிகிறது. இரவில் நிம்மதியாகப் படுக்க முடியவில்லை. இந்த நிலையில் நீண்ட தூரம் ஓட இயலாது. புதிய பாகம் உடனடியாகத் தேவை."



"சார்... மன்னிக்கணும். நீங்க ஏதோ வண்டியைப் பத்திச் சொல்றீங்களா?"

"இல்லம்மா" என்றார் அப்பா. "வண்டி இல்ல. அது நான்தான்."

அந்த அம்மாவின் குரல் மென்மையானது. "இதைப் போன தடவையே சொல்லியிருக்கலாமே சார்? நீங்க சிரமமே இல்லைன்னு சொன்னீங்க. அதைத்தான் நான் எழுதினேன். மாசத்துக்கு எத்தனை பை வேணும்?"

"மூணு நாளைக்கு ஒண்ணு. பத்து பை. ஆஸ்பத்திரி நர்சம்மா எழுதிக் கொடுத்த சீட்டு இருக்கு."

"அதைப் படம் எடுத்து இப்பவே அனுப்புங்க. அப்படியே இப்போ படிச்சீங்களே, அந்தத் தாளையும்."

"இதுவா? இது என் பொண்ணு கோடு போட்டது மேடம். கோடெல்லாம் கோணலா இருக்கு."

"கோடு கோணலா இருந்தா என்ன சார்? விஷயம் நேரா இருக்கே!"

சில்வண்டு இரண்டு தாளையும் ஆடாமல் படம் எடுத்து அனுப்பினாள்.

மூன்றாம் நாள் பதில் வந்தது. 'ஏற்கப்பட்டது.' அம்மா அதை மூன்று தடவை படிக்கச் சொன்னாள். அடுத்த வாரம் வாசலில் ஒரு பெட்டி வந்து இறங்கியது. அன்று குளியலறையிலிருந்து 'சர்ர்ர்' சத்தம் வரவில்லை. அப்பா ஏதோ பாட்டை மெட்டே இல்லாமல் முணுமுணுப்பதுதான் கேட்டது. சாயங்காலம் முடிவெட்டும் கடைக்குப் போய் மீதி முடியையும் வெட்டிக்கொண்டு வந்தார்.

டாக்டர் சொன்ன நாளில் பதினான்காம் நம்பர் பஸ் டிப்போவிலிருந்து கிளம்பியது. ஸ்டியரிங் பிடித்திருந்தவர் அப்பா. அவருக்குப் பின்னால் முதல் சீட்டில் சில்வண்டு, கையில் டிக்கெட்டோடு.

மூன்றாவது நிறுத்தத்தில் தினமும் ஏறும் தபால்காரர் ஏறினார். அப்பாவைப் பார்த்ததும் அவருக்கு வாயெல்லாம் பல்.

"அடடே, டிரைவர் சார்! பார்த்து எவ்வளவு நாளாச்சு! எப்படி இருக்கீங்க?"

சில்வண்டு சீட்டின் நுனிக்கு வந்தாள். அப்பா கண்ணாடியில் அவளைப் பார்த்தார்.

"வயித்துல பெரிய ஆபரேஷன் ஆச்சு சார். ரொம்பக் கஷ்டமாத்தான் இருந்துச்சு. இப்போ ஒரு பை ஒட்டியிருக்கேன், அது நல்லா வேலை செய்யுது. அதனால..."

அவர் கியரைப் போட்டார்.

"ஜம்முனு இருக்கேன்!"

இந்தத் தடவை சில்வண்டு 'அவுட்' சொல்லவில்லை.