யாழ்மொழிக்குப் பிடித்த உணவகம்

முக்கால் மணி நேரம் கழித்து வந்த பயேயா என்ற ஸ்பானிய உணவில் இறால் ஆறிப்போயிருந்தது, சோறு குழைந்திருந்தது. யாழ்மொழி முள்கரண்டியைத் தட்டின்மேல் போட்டாள்.

"இதை நீங்க சாப்பிடுவீங்களா?"

"மாத்திக் கொண்டுவரேன் மேடம்" என்றார் பரிமாறிய இருதயராஜ். நாற்பதைக் கடந்தவர். தட்டை எடுக்கும்போது அவர் கை பட்டு, தண்ணீர்க் கோப்பை அவள் மடியில் கவிழ்ந்தது.

அவ்வளவுதான். பெசன்ட் நகரில் இருந்த அந்த ஸ்பானிய உணவகம் முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி அவள் கத்தித் தீர்த்தாள். மேலாளர் நவநீதன் ஓடிவந்தார். "இவர் இங்கே இருந்தா நான் இனி இந்தப் பக்கமே வரமாட்டேன்" என்றாள். நவநீதன் தயங்கவே இல்லை. இருதயராஜின் சட்டையில் இருந்த பெயர்ப்பட்டையை அங்கேயே கழற்றி வாங்கிக்கொண்டார். இருதயராஜ் சமையலறைப் பக்கம் போனார்.

சென்னையில் எங்கே சாப்பிடுவது என்பதை இப்போது யாரும் தாமாக முடிவு செய்வதில்லை. காதுக்குப் பின்னால் பொட்டளவில் ஒட்டியிருக்கும் சுவைத்துணை, சாப்பிடும்போது நரம்புகளில் ஓடும் மகிழ்ச்சியை அளந்து, அடுத்த இடத்தைச் சொல்லும். பெரிய உணவகங்கள் அது அனுப்பியவர்களுக்கு மட்டும்தான் மேசை தருகின்றன. யாழ்மொழியின் தோழி சபிதாவை அது ஆழ்வார்பேட்டையின் அருமையான இத்தாலிய உணவகத்துக்கு அனுப்பியது. யாழ்மொழிக்கு வாய்த்ததெல்லாம் கருகிய ஜெர்மன் இறைச்சியும், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பரிமாறும் கிரேக்க உணவகமும்தான். கட்டட வடிவமைப்பாளரான அவள் மற்றவர்களின் பிழையைச் சும்மா விடுகிறவள் அல்ல. மறுநாளே தரமணியில் இருந்த சுவைத்துணை நிறுவனத்துக்குக் கிளம்பிப் போனாள்.

அங்கே அவளை எதிர்கொண்ட பொறியாளர் பெயர் ஆதிரை. பொறுமையாகக் கேட்டுவிட்டுத் திரையை அவள் பக்கம் திருப்பினாள்.

"தப்பு எதுவும் இல்ல மேடம். இந்தக் கோடு உங்க மகிழ்ச்சி. நல்ல சாப்பாடு கிடைச்ச இடத்துல எல்லாம் பாருங்க, தரையிலயே கிடக்கு. சண்டை போட்ட இடத்துல மட்டும் ஏறுது."

"என்ன உளர்றீங்க?"

"நேத்து அந்தப் பரிமாறுறவரை வேலையை விட்டு எடுத்தாங்கல்ல, அந்த நிமிஷம்தான் உச்சம். இந்த வருஷத்துலயே நீங்க சந்தோஷமா இருந்தது அப்பதான்."

யாழ்மொழிக்கு முகம் சிவந்தது. "அப்ப வேணும்னேதான் ஆறின சோறு கொடுத்தாங்களா?"

"யார் வர்றாங்க, அவங்களுக்கு எது பிடிக்கும்னு இயந்திரம் ஓட்டலுக்கு ஒரு குறிப்பு அனுப்பும். அதுக்கு மேல அவங்க இஷ்டம். விருந்தினர் சந்தோஷமா இருந்தா அவங்க தரவரிசை ஏறும்."

"அந்த மனுஷனுக்கு நிஜமாவே வேலை போச்சா?"

"அது எங்க கையில இல்ல மேடம்."

யாழ்மொழி மேசையை ஓங்கி அறைந்தாள். நீங்களெல்லாம் மனிதர்களா என்று கேட்டாள். ஆதிரையின் பார்வை திரைக்குப் போய்த் திரும்பியது. கோடு ஏறிக்கொண்டிருந்தது.

காதுக்குப் பின்னால் இருந்த சுவைத்துணையைப் பிய்த்து எறிய வேண்டும்போல் இருந்தது. ஆனால் அது இல்லாமல் ஸ்பானிய உணவகத்தின் கதவு திறக்காது. இருதயராஜை மறுபடி வேலையில் சேர்த்தே தீர வேண்டும் என்று நேராக அங்கே போனாள்.

"அவர் ஊருக்குப் போயிட்டார் மேடம். போனை எடுக்க மாட்டேங்கிறார்" என்றார் நவநீதன். "அவர் போனதும் எங்க தரவரிசை எங்கேயோ ஏறிடுச்சு. உங்களை மாதிரி நிறையப் பேர் வர்றாங்க. உட்காருங்க, சாப்பிட்டுட்டே பேசலாம்."

புதிதாகச் சேர்ந்த பவதாரிணி என்ற பெண் மீன் சூப்பைக் கொண்டுவந்தாள். ஆறிய சூப். வைக்கும்போதே பாதி யாழ்மொழியின் சேலையில் சிந்தியது. கிளம்பி வந்த கோபத்தை யாழ்மொழி பல்லைக் கடித்து அடக்கினாள். இந்தத் தடவை அவர்கள் நினைப்பது நடக்காது.

"பரவாயில்லைம்மா. நானே துடைச்சுக்கறேன்."

பவதாரிணியின் முகம் வெளிறியது. துடைப்பதுபோல் குனிந்து, "திட்டுங்க மேடம்" என்றாள் மெதுவாக. "ஒரு வார்த்தையாவது திட்டிடுங்க. மேனேஜர் பாத்துக்கிட்டு இருக்கார்."

யாழ்மொழி புரியாமல் விழித்தாள். அதற்குள் நவநீதன் அவளுடைய மகிழ்ச்சிக் கோடு ஓடிய கைத்திரையோடு வந்துவிட்டார்.

"என்னம்மா இது, கோடு அசையவே இல்லையே. இந்த வேலை உனக்குச் சரிப்படாது. நாளையிலேருந்து வர வேணாம்."

யாழ்மொழி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். மற்றவர் வயிற்றில் அடித்துப் பிழைக்கும் பிழைப்பு ஒரு பிழைப்பா என்று கேட்டாள். அவர் உணவகத்தை, அவரை, தரமணியில் உட்கார்ந்து கோடு பார்ப்பவர்களை, யாரையும் விடவில்லை. தொண்டை கட்டும்வரை கத்தினாள். கோடு ஏறுவதைக் கைத்திரையில் பார்த்தபடியே நின்ற நவநீதன், அவள் மூச்சு வாங்கியபோது மிகப் பணிவாக, "ரொம்ப நன்றி மேடம்" என்றார். பிறகு பவதாரிணியிடம், "சரி, நீ இரு" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

யாழ்மொழி உட்கார்ந்தாள். பவதாரிணி கண்ணைத் துடைத்துக்கொண்டு நன்றியோடு அவள் பக்கம் சாய்ந்தாள்.

"நாளைக்கும் வருவீங்கல்ல மேடம்?"

யாழ்மொழிக்கு நன்றாகப் பசித்தது. மீதியிருந்த ஆறிய சூப்பை இழுத்து ஒரு வாய் குடித்தாள். அது அவ்வளவு ருசியாக இருந்தது.