லென்ஸின் உள்பக்கம்

அம்மா செத்து நாற்பத்தொரு நாளும் ஆறு மணி நேரமும் ஆகியிருந்தன. சாத்தூர் பஜாரில் லட்சுமிகாந்தத்தின் பழைய கேமராக் கடைக்குள் கால் வைத்ததுமே, வேல்விழியின் மூக்கில் கந்தகமும் அலுமினியப் பொடியும் கலந்த வாசம் ஏறியது. பட்டாசு ஆலையிலிருந்து அம்மா சேலையில் கொண்டு வந்த வாசம். அது இந்தக் கடைக்குள் வர வழியே இல்லை.

வெளியே மழை இருட்டு. கைப்பையில் டியூஷன் எடுத்துச் சேர்த்த ஆறாயிரம். திங்கட்கிழமையிலிருந்து தங்கை சினேகாவை அதே ஆலைக்கு அனுப்புவதாக அப்பா சொல்லிவிட்டார். கேமரா இருந்தால் ஞாயிற்றுக்கிழமை ஒரு சடங்கு வீட்டில் படம் எடுக்கலாம். அந்தக் காசைக் காட்டித் தங்கையை நிறுத்தலாம்.

முதல் கேமரா நாலாயிரம். அதன் பக்கவாட்டில் மடங்கியிருந்த திரையை விரித்தாள். கடை அலமாரியும் தெருவும் மங்கலாகத் தெரிய, ஓரத்தில் வெள்ளி நிறத்தில் ஐந்து விரல் தடம். துப்பட்டா நுனியால் லென்ஸைத் துடைத்துப் பார்த்தாள். போகவில்லை.

“உள்பக்கம் இருக்கு அண்ணாச்சி.”

“பங்கஸா இருக்கும், பூஞ்சை. நாலாயிரத்துக்குப் பின்ன எப்படி இருக்கும் தாயி? போன மாசம் வந்த அன்னைக்கே ஆறாயிரத்து ஐந்நூறு ரூபா பீஸை எடுத்துக் காட்டுனேன். போனைக் காதுல வச்சுக்கிட்டே இறங்கி ஓடிட்டீக.”

அவள் அதைத் தள்ளி வைத்தாள்.

இரண்டாவது கேமரா ஐயாயிரத்து முந்நூறு. தடம் இப்போது திரையின் நடுவில் இருந்தது. அதற்குப் பின்னால், கடை வாசலில், கால் மடக்கிக் குனிந்து யாரோ உட்கார்ந்திருந்தார்கள், ஆலையில் வெடிமருந்துத் தட்டுக்கு முன்னால் உட்காருவதைப்போல. திரும்பிப் பார்த்தாள். வாசலில் மழைத்தண்ணீர் மட்டும்.

ஆலை வாசலில் போன்களை வாங்கிப் பெட்டியில் பூட்டிவிட்டுத்தான் ஆட்களை உள்ளே விடுவார்கள். ஆனாலும் அம்மா செத்த வெடிவிபத்து அன்று மருந்து அறைக்குள் ஒரு போன் அடித்ததாக, கூட வேலை பார்த்துப் பிழைத்து வந்த கருப்பணன் ஆஸ்பத்திரியில் சொன்னார். இடுப்பில் ஒளித்த போனைப் பதறி எடுக்கும் கை பட்டுத் தட்டு சரிந்தால் போதும். உராய்வு. அவள் படித்த இயற்பியல்தான். யாருடைய போன், அடித்தது யார் என்று அப்பா இன்னும் வீடு வீடாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அகப்பட்டால் விடமாட்டேன் என்றார்.

“இந்தாங்க, அன்னைக்குப் பார்த்த பீஸு. இன்னும் போகல,” என்று மூன்றாவதை லட்சுமிகாந்தம் தள்ளினார். “எடுத்துப் பாத்துட்டுச் சொல்லுங்க. சும்மா நோண்டிட்டுப் போறதுக்குக் கடை வைக்கல.”

பத்து விநாடி பதிவு செய்து ஓடவிட்டாள். மின்விசிறிச் சத்தம். மழைச் சத்தம். பிறகு, மைக்கை ஒட்டி ஒரு குரல்.

“எம்புட்டு?”

“அண்ணாச்சி, நீங்களா கேட்டீக?”

“நான் எதுக்குக் கேக்கேன்? வெலை சொல்ற ஆளே நான்தான?”

மறுபடி ஓடவிட்டாள். அதே பத்து விநாடி. வாசலில் உட்கார்ந்திருந்தது எழுந்து நின்றது. தலையில் முடி இல்லை. முகம் முழுக்க வெள்ளிப் பொடி.

“ஏட்டி, எம்புட்டு?”

அதட்டல். அந்த அதட்டல் அவளுக்குத் தெரியும்.

மறுபடி. இப்போது கடைக்குள். மறுபடி. இப்போது திரையில் தெரியும் தன் முதுகுக்குப் பின்னால். தன் முதுகை இந்தக் கேமரா எடுக்கவே இல்லை. பிடரியில் சூடு. கந்தகம். கேமராவைக் கீழே வைக்கக் கை வரவில்லை. லட்சுமிகாந்தத்தின் வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை.

திரையில் வெள்ளிக் கை இடுப்புக்குப் போனது. எதையோ உருவியது. காதில் வைத்தது.

பதிலுக்குக் காத்து நின்றது.

“ஆறாயிரத்து ஐந்நூறும்மா,” என்றாள் வேல்விழி. “போனை ஒளிச்சு உள்ள கொண்டு போகச் சொன்னது நாந்தாம்மா. அடிச்சதும் நாந்தான்.”