ஒற்றைக்காது ஏன் ஒளிந்தான்?

வாண்டுவுக்குப் பத்து வயது. வாண்டு என்பது அவளுடைய பட்டப்பெயர். அதை வைத்தவர் மேஸ்திரி மாமா. புத்தகம் கட்டும் பட்டறையில் வாண்டுவின் அம்மா வேலை செய்கிறாள். அந்தப் பட்டறையின் தலைமை ஆள்தான் மேஸ்திரி மாமா.

அச்சகத்திலிருந்து பட்டறைக்குப் பெரிய பெரிய தாள்கள் வரும். ஒரு தாளை மடித்தால் பதினாறு பக்கம். அதற்கு ஒரு ஃபாரம் என்று பெயர். மடிப்பது அம்மாவின் வேலை. மை தீற்றியது, ஓரம் கிழிந்தது என்று சில தாள்கள் வீணாகும். அவற்றை அம்மா அலமாரியில் விரிப்பதற்காக வீட்டுக்கு எடுத்து வருவாள். அலமாரிக்குப் போவதற்குள் வாண்டு அவற்றைப் படித்துவிடுவாள்.

இப்படித்தான் ‘பதினோரு வாசல் அரண்மனை’ என்ற தடிமனான நாவல் அவளிடம் துண்டு துண்டாக வந்து சேர்ந்தது. முதலில் ஐந்தாவது ஃபாரம் வந்தது. அடுத்த நாள் இரண்டாவது. பிறகு பதிமூன்றாவது. யார் எதற்காகக் கோட்டைச் சுவர் ஏறினார் என்பதே அவளுக்கு ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. ஆனாலும் அவள் விடவில்லை.

கதையின் நாயகன் ஒரு தளபதி. போரில் ஒரு காதை இழந்தவன். அதனால் எல்லாருக்கும் அவன் ஒற்றைக்காது. மதம் பிடித்த யானை எதிரே வந்தாலும் ஓரடி நகரமாட்டான். அவனிடம் ஒரே ஒரு குறை. தன் தப்பை ஒத்துக்கொள்ள மட்டும் அவனுக்கு வாய் வராது.

அரசரின் முத்திரை மோதிரத்தை அவன் தொலைத்துவிட்டான். அது மந்திரியின் கையில் சிக்கியது. மந்திரி அதை வைத்து ஒரு பொய்க் கடிதம் தயார் செய்து, பழியை அரசியின் மேல் போட்டுவிட்டார். பதிமூன்றாவது ஃபாரத்தில் ஒற்றைக்காது சபை நடுவே வந்து நின்று, “மோதிரத்தைத் தொலைத்தது நான்” என்று சொல்கிறான். அந்தப் பக்கங்களை வாண்டு ஏழு முறை படித்துவிட்டாள். ஒவ்வொரு முறையும் அவளுக்குப் புல்லரித்தது.

பன்னிரண்டாவது ஃபாரம் மட்டும் கிடைக்கவே இல்லை. அதில் ஒரு தாள்கூட வீணாகவில்லை.

“உங்க பட்டறையில எல்லாரும் இவ்வளவு ஒழுங்கா வேலை செய்யணுமாம்மா?” என்று அவள் அலுத்துக்கொண்டாள்.

பள்ளி விடுமுறை அன்று அம்மாவுடன் அவளும் பட்டறைக்குப் போனாள். அன்று நாலு மணிக்கு நாவலை எழுதிய எழுத்தாளர் அம்மா வருவதாக இருந்தது. முதல் இருபது பிரதிகள் அட்டை போட்டுத் தயாராக இருந்தன. மற்ற இருநூற்று எண்பதும் ஃபாரம் ஃபாரமாக அடுக்கி வைத்துத் தையலுக்குக் காத்திருந்தன.

மேஸ்திரி மாமா மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, அதையே தேடிக்கொண்டிருந்தார். ஆனால் வேலை என்று வந்துவிட்டால் அவரை அசைக்க முடியாது. அவர் தட்டி அடுக்கிய தாள் கட்டு சுவர் போல நேராக நிற்கும். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு புத்தகம்கூட அவர் கையிலிருந்து தப்பாகப் போனதில்லை.

“மாமா, ஒரு பிரதி படிக்கட்டுமா? கண்ணாடி உங்க நெத்தியில இருக்கு.”

“அட, ஆமா. கையைக் கழுவிட்டு எடு. ரொம்ப விரிக்காதே.”

“நீங்க படிச்சீங்களா மாமா?”

“நானா? ஆயிரக்கணக்குல கட்டியிருக்கேன், ஒண்ணுகூடப் படிச்சதில்லை. தையல்காரர் தைச்ச சட்டையெல்லாம் போட்டுப் பார்ப்பாரா?”

வாண்டு ஆசையோடு பதினோராவது ஃபாரத்தின் கடைசிப் பக்கத்தைத் தேடினாள். நூற்று எழுபத்தாறு. தாளைத் திருப்பினாள். ஒற்றைக்காது சபைக்குள் நடந்து வந்துகொண்டிருந்தான். இது அவள் ஏழு முறை படித்த பக்கமாயிற்றே. எண்ணைப் பார்த்தாள். நூற்றுத் தொண்ணூற்று மூன்று.

இன்னொரு பிரதியை எடுத்துப் பார்த்தாள். அதிலும் அப்படியே. பதிமூன்று முன்னால் போய்விட்டது, பன்னிரண்டு பின்னால் வந்துவிட்டது.

“மாமா, ஃபாரம் மாறியிருக்கு” என்றாள்.

பட்டறையில் ஆறு பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். மேஸ்திரியின் முகம் சிவந்துவிட்டது.

“என்கிட்டயா சொல்றே?” அவர் தைக்காத கட்டு ஒன்றைத் தூக்கிக் காட்டினார். ஒவ்வொரு ஃபாரத்தின் முதுகு மடிப்பிலும் ஒரு கறுப்புக் கோடு இருந்தது. எல்லாம் வரிசையாக இருந்தால் அந்தக் கோடுகள் படிக்கட்டு போல இறங்கும். “எங்கேயாவது படி பிசகியிருக்கா? போய் விளையாடு, போ.”

படி பிசகவில்லைதான். ஆனால் பக்கம் பிசகியிருந்தது. எண்ணைக் காட்டி அவர் வாயை அடைத்துவிடலாம். ஆறு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது அதைச் செய்ய வாண்டுவுக்கு மனம் வரவில்லை. அவளுக்கு மேஸ்திரி மாமாவை அவ்வளவு பிடிக்கும். ஆனால் சும்மா இருந்தால் நாளைக்கு முன்னூறு புத்தகமும் தப்பாகப் போய்விடும்.

கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு யோசனை வந்தது.

“மாமா, நான் சத்தமா வாசிக்கட்டுமா? நீங்க கேட்டுக்கிட்டே வேலை செய்யலாம்.”

“வாசி. காது சும்மாதானே இருக்கு.”

அவள் மோதிரம் தொலைந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, புத்தகத்தில் இருந்த வரிசையிலேயே வாசித்தாள். ஒற்றைக்காது சபைக்குள் வந்தான். உண்மையைச் சொன்னான். இடுப்பிலிருந்த வாளைக் கழற்றி அரசரின் காலடியில் வைத்தான்.

பசைத் தூரிகையோடு மேஸ்திரி அப்படியே நின்றுவிட்டார்.

“ஆம்பளைன்னா இவன்தான்” என்றார்.

“மனுஷன்னா இவன்தான்னு சொல்லுங்க” என்றாள் அம்மா, மடிப்பதை நிறுத்தாமல்.

வாண்டு அடுத்த ஃபாரத்துக்கு வந்தாள். இத்தனை நாள் அவளுக்குக் கிடைக்காத பன்னிரண்டாவது. அரசியைக் காவலர்கள் இழுத்துப் போகிறார்கள். ஒற்றைக்காது திரைக்குப் பின்னால் ஒளிந்து நிற்கிறான். வெளியே வர நினைக்கிறான். கால் வரவில்லை.

“நிறுத்து, நிறுத்து” என்றார் மேஸ்திரி. “இது என்ன கூத்து? இப்பதானே எல்லாத்தையும் ஒத்துக்கிட்டான்? மறுபடி எதுக்கு ஒளியறான்? அவன் அப்படிப்பட்ட ஆளா?”

வாண்டு பக்க எண்ணில் விரலை வைத்தாள். புத்தகத்தை அவர் பக்கம் நீட்டினாள்.

மேஸ்திரி கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். ஒரு தாளைப் பார்த்தார். முன்னால் புரட்டினார், பின்னால் புரட்டினார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

“இந்த ரெண்டு ஃபாரத்துலயும் அச்சகத்துக்காரங்க கோடு போடாம விட்டுட்டாங்க” என்றார் மெதுவாக. “நான்தான் பேனாவால போட்டேன். இதோடதை அதுக்கும், அதோடதை இதுக்கும் போட்டுட்டேன் போல.”

சரியாக அந்த நேரம் பார்த்து எழுத்தாளர் அம்மா உள்ளே வந்தார். ஆறு வருஷம் உட்கார்ந்து எழுதிய கதை. ஓட்டமும் நடையுமாக வந்ததில் அவருக்கு மூச்சு வாங்கியது. முகமெல்லாம் சிரிப்பாக, மேலே இருந்த பிரதியை எடுக்கக் கையை நீட்டினார்.

அச்சகத்தின் மேல் பழியைப் போட்டால் மேஸ்திரி தப்பித்துவிடலாம். அது பாதி உண்மையும்கூட. வாண்டு மேஸ்திரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் எழுந்து நின்றார்.

“அதை எடுக்காதீங்கம்மா. ரெண்டு ஃபாரம் இடம் மாறியிருக்கு. கோடு போட்டது நான். தப்பு என்னோடதுதான்.”

யானைக்கு எதிரே நின்ற ஒற்றைக்காதைவிட அவர் உயரமாக வாண்டுவுக்குத் தெரிந்தார். அவள் கைகளில் அதே புல்லரிப்பு.

எழுத்தாளர் அம்மாவின் சிரிப்பு மறைந்தது. “எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

“இந்த வாண்டு வாசிச்சா. கேட்டுக்கிட்டிருந்தேன். உங்க ஒற்றைக்காது திரும்ப ஒளிஞ்சதும் எனக்குக் கோபம் வந்துடுச்சு.”

“அவனுக்காகவா கோபப்பட்டீங்க?”

“பின்னே? அவ்வளவு நல்ல மனுஷனை இப்படியா கேவலப்படுத்துறது?”

எழுத்தாளர் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாண்டு வீணான தாள்களில் கதை படித்ததைக் கேட்டதும் அவளைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டார். பிறகு அவரும் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். ஆறு மணிக்குள் இருநூற்று எண்பது கட்டுகளிலும் ஃபாரத்தை மாற்றி அடுக்கினார்கள். அட்டை போட்ட இருபதை நாளைக்குப் பிரித்துத் தைக்க வேண்டும்.

“வாண்டு, சரியாத் தைச்ச முதல் பிரதி உனக்குத்தான்” என்றார் எழுத்தாளர் அம்மா. “மேஸ்திரி, உங்களுக்கும் ஒண்ணு.”

“எனக்கு இதுவே போதும்மா.” மேஸ்திரி தப்பாகக் கட்டிய ஒரு பிரதியை எடுத்துத் தன் பையில் வைத்துக்கொண்டார்.

“அதுல கதை மாறியிருக்குமே மாமா” என்றாள் வாண்டு.

“மாறினா என்ன? நான் கட்டினதாச்சே. எங்கே தாண்டிப் போகணும், எங்கே திரும்பி வரணும்னு எனக்குத் தெரியாதா?” என்று சொல்லிவிட்டு, அவர் எப்போதோ நெற்றிக்கு ஏற்றிவிட்டிருந்த மூக்குக்கண்ணாடியை மறுபடியும் தேட ஆரம்பித்தார்.