கையில் ஒட்டிய சாட்சி

போன் அலறியது.

இன்ஸ்பெக்டர் ஸப்வான் எடுக்கவில்லை. மூன்று நாளாக வீட்டுப் பக்கமே போகாத மனிதர். கண்ணை மூடினால் அப்படியே தூங்கிவிடுவார்.

இப்போது இருப்பது ஓர்ஸ் ஹில்லில் ஒரு வீட்டில். எதிரே, குணேஸ்வரி.

நேற்று இதே வீட்டில்தான் அவள் கணவர் இராசதுரை, தலையணையால் அமுக்கிக் கொல்லப்பட்டுக் கிடந்தார்!

"நான் கொல்லேல்ல சேர்..."

அழுது அழுது அவளுக்குக் குரலே போய்விட்டது.

"பிளாஸ்டர் பொய் சொல்லாது சேர்!"

சொன்னவன் நிருபன். கையில் ஒட்டிவிட்டால் போதும்... குத்துவதே தெரியாமல் கொலஸ்ட்ரோலையும் கொழுப்பையும் அளந்து கணினிக்கு அனுப்பும் பிளாஸ்டர். அதை ஊரில் பலருக்கு ஒட்டிப் பரிசோதிப்பவன். இராசதுரைக்கும் ஒட்டியிருந்தான்.

"உயிருள்ள உடம்பிலதான் அளவு வரும். நேற்று மத்தியானம் ரெண்டு மணி வரைக்கும் வந்திருக்கு. இவ கோயிலால வந்தது ஒண்டரைக்கு. வேற ஆர்?"

"நீங்க எங்க இருந்தீங்க?"

"பன்னெண்டு மணிக்கு நிலாவெளி ஹோட்டல்ல, பத்துப் பேரோட புரியாணி சாப்பிட்டனான். ரெண்டு மணி வரைக்கும் அங்கதான். அளவு நிண்ட உடன பயந்துபோய் இஞ்ச ஓடி வந்தனான்."

"அவர் நித்திரை எண்டு நினைச்சு விட்டிட்டன் சேர்..." குணேஸ்வரி விம்மினாள். "நிருபன் தம்பி வந்து கையைப் பிடிச்சு எழுப்பேக்கதான் தெரிஞ்சது..."

பெண் கான்ஸ்டபிள் விலங்கை எடுத்தாள். மாட்டினால் குணேஸ்வரியின் மிச்ச வாழ்க்கை சிறையில்தான்!

மறுபடி போன். பிரேத பரிசோதனை டொக்டர். இந்த முறை எடுத்தார் ஸப்வான். கேட்டார். வைத்தார்.

"நிருபன்... பிளாஸ்டர் அளவுல ஒரு மணிக்கு மேல கொழுப்பு ஏன் எகிறி இருக்கு?"

"சாப்பிட்டா எகிறும் சேர்."

"இராசதுரையின்ட வயித்துல ஒரு பருக்கையும் இல்லையாம்!"

குணேஸ்வரி நிமிர்ந்தாள்.

"அவர் கந்தசஷ்டி விரதம் சேர்! அஞ்சு நாளா வெறும் தண்ணிதான். தெரிஞ்சா பிளாஸ்டரைக் கழட்டிப்போடுவினம் எண்டு நிருபன் தம்பியிட்டச் சொல்லேல்ல!"

நிருபனின் முகம் வெளுத்தது.

"அப்ப அந்த நேரம் பிளாஸ்டர் புரியாணி சாப்பிட்ட ஒராள்ட கையில இருந்திருக்கு." ஸப்வான் அலுப்போடு எழுந்தார். "சட்டைக் கையை மடியுங்க."

மடிக்கவில்லை. கான்ஸ்டபிள் மடித்துவிட்டாள். முழங்கைக்கு மேலே, சதுரமாக ஒரு சிவந்த தடம்!

"பிளாஸ்டர் ஒட்டாத ஆக்களுக்கும் நான் பொய் அளவு எழுதினதை இராசதுரை கண்டுபிடிச்சிட்டார் சேர்... காட்டிக்கொடுப்பன் எண்டார்... காலமை இவ கோயிலுக்குப் போனதும்..."

"கொலை செஞ்சிட்டு, பிளாஸ்டரைக் கழட்டி உங்கட கையில ஒட்டிக்கொண்டீங்க. எழுப்புற சாட்டுல திருப்பி அவர்ட கையில ஒட்டிட்டீங்க."

நிருபன் தலை குனிந்தான்.

குணேஸ்வரி சுவரில் சாய்ந்து உடைந்து அழுதாள். "விரதம் அவரைக் காப்பாத்தேல்ல சேர்... என்னை மட்டும் காப்பாத்திப்போட்டுது..."

ஸப்வான் கான்ஸ்டபிளுக்குக் கண்ணைக் காட்டினார்.

விலங்கு நிருபனின் கையில் ஏறியது. ஸப்வான் ஒரு பெரிய கொட்டாவி விட்டார்.

"உள்ளுக்குப் பருப்பும் சோறும்தான் தம்பி... கொலஸ்ட்ரோல் தானா இறங்கும்!"